சுருதி விலகல், தாமதம், உப்புக்காற்று: வீட்டு ரெக்கார்டிங் கேள்வி பதில்

தொண்டி தொடங்கி சாயல்குடி வரை கடலோரத்திலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே கோளாறைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம். விண்டோஸ் லேப்டாப்பும் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளும் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. எஃப்எல் ஸ்டுடியோ, கியூபேஸ் வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர் மாறும், வேலை மாறாது.

கேள்வி: கோயில் பாடற்குழுவுக்கு வாசிக்கும் கீபோர்டை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்தேன். ரீப்பரில் பியானோ பிளக்-இன் (மென்பொருளுக்குள் ஓடும் கருவி) திறக்கிறது. அதன் கட்டைகளை மவுஸால் தட்டினால் சத்தம் வருகிறது. கீபோர்டில் வாசித்தால் ஒன்றுமே இல்லை. கீபோர்டு போய்விட்டதா?
(தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: போயிருக்காது. மவுஸால் தட்டினால் சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை வந்துவிட்டது. பிளக்-இன், சவுண்ட் கார்டு, ஸ்பீக்கர் மூன்றும் நன்றாக இருக்கின்றன. கோளாறு கீபோர்டுக்கும் அந்த டிராக்குக்கும் நடுவே இருக்கிறது.

அந்தக் கேபிளில் சத்தம் போவதில்லை, வெறும் எண்கள்தாம் போகின்றன; இந்த எண் மொழிக்குத்தான் மிடி என்று பெயர். எந்தக் கட்டை (நடு சி என்றால் 60), எவ்வளவு வேகமாக அழுந்தியது (வெலாசிட்டி, 1 முதல் 127 வரை), எப்போது விட்டது, எந்தச் சேனல் (1 முதல் 16 வரை). இந்த எண்கள் எங்கே நின்றுபோகின்றன என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் கேபிள். கீபோர்டின் பின்னால் பிரிண்டருக்கு இருப்பதுபோல் சதுரத் துளை இருந்தால் பிரிண்டர் கேபிளே போதும். மைக்ரோ அல்லது டைப்-சி துளை என்றால் கவனம் தேவை. சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் மலிவு கேபிள்களில் டேட்டா கம்பி இரண்டும் இருக்காது. கீபோர்டுக்கு மின்சாரம் போகும், எண்கள் போகாது. போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் மாற்ற முடிகிற கேபிள் எதுவோ அதைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, டிவைஸ் மேனேஜரில் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற பகுதியை விரியுங்கள். கீபோர்டின் பெயரோ 'யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்' போல ஒன்றோ அங்கே புதிதாக வந்திருக்க வேண்டும். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு வந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். சில மாடல்களுக்குத் தனி மிடி டிரைவர் தேவை. தயாரிப்பாளரின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

விண்டோஸ் கண்டுகொண்ட பிறகும் ரீப்பர் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ் போய் மிடி உள்ளீடுகள் பட்டியலில் கீபோர்டின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். இனி டிராக்கில் மூன்று காரியம்: சிவப்பு ரெக்கார்ட் பட்டன் ஆன் ஆகியிருக்க வேண்டும், உள்ளீடு மைக்காக இல்லாமல் மிடியாக, 'ஆல் சேனல்ஸ்' என்று இருக்க வேண்டும், மானிட்டர் ஆன் ஆகியிருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறார்கள். டிராக்கைத் திறந்தவுடன் உள்ளீடு மைக் என்றே இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஊமை என்றால், உள்ளீட்டை 'விர்ச்சுவல் மிடி கீபோர்டு' என்று மாற்றி, வியூ மெனுவில் அதைத் திறந்து, கம்ப்யூட்டர் விசைப்பலகையிலேயே தட்டிப் பாருங்கள். இதற்குச் சத்தம் வந்தால் டிராக் சரி, குறை கேபிள் பக்கம். வராவிட்டால் பிளக்-இன் வேறு சேனலுக்குக் காத்திருக்கிறது. அதன் மிடி சேனலை ஆம்னி (எல்லாச் சேனலும்) ஆக்குங்கள். இன்னொன்று: விண்டோஸில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் மிடி வாசலைத் திறந்துவிடும். பிரவுசரில் பியானோ பாடத் தளம் ஒன்று திறந்திருந்தால் மூடிவிட்டு ரீப்பரை மறுபடி திறங்கள்.

சத்தம் வர ஆரம்பித்ததும் அடுத்த குழப்பம் வரும். ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்கும். கீபோர்டின் சொந்தக் குரல் ஒன்று, பிளக்-இன் ஒன்று. கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் 'லோக்கல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். ஞாயிறு பூசைக்குத் தூக்கிப் போகும் முன் ஆன் செய்ய மறக்க வேண்டாம். பல மாடல்களில் பவரை அணைத்துப் போட்டாலே ஆன் ஆகிவிடும், இருந்தாலும் வீட்டிலேயே ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கட்டையை அழுத்திய பிறகு கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வருகிறது. தாளத்தோடு வாசிக்கவே முடியவில்லை. தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவியையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) கிடையாது; லேப்டாப்பின் சவுண்ட் கார்டு, புளூடூத் ஹெட்ஃபோன். இன்டர்ஃபேஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
(கீழக்கரை வாசகி)

பதில்: முதலில் புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். பாட்டுக் கேட்க நல்ல பொருள்தான், வாசிக்க உதவாது. ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்கே சாதாரணமாக 100 முதல் 250 மில்லி செகண்ட் வரை தின்றுவிடும். எந்த செட்டிங்கும் அதைக் குறைக்காது. கம்பி உள்ள சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

அடுத்தது டிரைவர். ரீப்பரின் பிரிஃபரன்சஸில் ஆடியோ, டிவைஸ் பக்கத்தில் ஆடியோ சிஸ்டம் என்ன என்று பாருங்கள். 'டைரக்ட் சவுண்ட்' அல்லது 'வேவ் அவுட்' என்றிருந்தால் தாமதம் அங்கேதான். 'ஏசியோ ஃபார் ஆல்' என்ற இலவச டிரைவரைப் போட்டு, ஏசியோ (தாமதம் குறைந்த டிரைவர் வகை) என்று மாற்றுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் அதற்கென்றே ஓர் ஏசியோ டிரைவர் கூடவே வருகிறது.

பிறகு பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கை. கணக்கு எளிது: பஃபர் எண்ணை சாம்பிள் ரேட்டால் (நொடிக்கு எத்தனை சாம்பிள்) வகுத்தால் தாமதம். 44,100 சாம்பிள் ரேட்டில் 1024 வைத்தால் 23 மில்லி செகண்ட், 512-க்கு 11.6, 256-க்கு 5.8, 128-க்கு 2.9. இதன் மேல் டிரைவர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர்தான் நகரும். ஆகவே 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைத்து வாசிப்பதுதான். அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. 20-ஐத் தாண்டினால் கை தடுமாறும். வாசிக்கும்போது 128 அல்லது 256. வாசித்து முடித்து மிக்ஸ் செய்யும்போது 1024. ஒரே எண்ணை எல்லா வேலைக்கும் வைத்துக்கொண்டு அல்லாடாதீர்கள்.

பஃபரை 128 ஆக்கியும் தாமதம் போகவில்லை என்றால் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். சில லிமிட்டர்களும் லீனியர் ஃபேஸ் ஈக்யூக்களும் முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை. ஒன்று போட்டாலே மொத்தப் பாட்டும் பின்தங்கும். ரீப்பரில் எஃபெக்ட் ஜன்னலின் அடியில் எத்தனை சாம்பிள் தாமதம் என்று எழுதியிருக்கும். 2048 என்று தெரிந்தால் அந்த எஃபெக்ட்தான் காரணம். ரெக்கார்டிங் முடியும் வரை அணைத்து வையுங்கள்.

மிடி கேபிளை மாற்றினால் தாமதம் குறையும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ஐந்து முள் மிடியே நொடிக்கு 31,250 பிட் அனுப்பும். ஒரு சுரத்தின் செய்திக்கு ஒரு மில்லி செகண்ட்கூட ஆகாது. உங்கள் கடைசிக் கேள்விக்கு வருவோம்: பிளக்-இன் மட்டும் வாசிப்பதானால் மேலே சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு யோசியுங்கள். மைக்கில் பாடியும் பதிவு செய்வீர்கள் என்றால் இன்டர்ஃபேஸ் தேவைதான்.

கேள்வி: கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் கத்திக்கொண்டே இருக்கிறது.
(தொண்டி வாசகர்)

பதில்: 'விட்டுவிட்டான்' என்ற செய்தி பிளக்-இன்னுக்குப் போய்ச் சேரவில்லை. எஃப்எல் ஸ்டுடியோவில் கன்ட்ரோல்-ஹெச் அழுத்துங்கள்; ரீப்பரில் ஆக்‌ஷன் பட்டியலில் 'ஆல் நோட்ஸ் ஆஃப்' என்று தேடி அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நடந்தால் யூஎஸ்பி ஹப்பை விட்டு நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள்.

எல்லாச் சுரமும் இழுத்துக்கொண்டே நின்று, பெடலை மிதித்தால்தான் நிற்கிறது என்றால் அது வேறு நோய்: பெடலின் துருவம் தலைகீழ். கீபோர்டை அணைத்து, பெடலை மிதிக்காமல் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும் நொடியில் பெடல் இருக்கும் நிலையைத்தான் பல கீபோர்டுகள் 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்கின்றன.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம், கையில் நேரம் இருக்கிறது. பத்து மாதமாக மூலையில் கிடந்த கீபோர்டை எடுத்தால் நாலைந்து கட்டைகள் சரியில்லை. ஒன்று ஊமை, இரண்டு மெதுவாகத் தொட்டாலும் அலறுகின்றன. வீடு கடலுக்குப் பக்கம். பிளக்-இன் கோளாறா, கீபோர்டு கோளாறா?
(பாம்பன் வாசகர்)

பதில்: ஒரே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அந்தக் கட்டைகளை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று பத்துத் தடவை தட்டி ரெக்கார்ட் செய்யுங்கள். பியானோ ரோலில் (பதிவான சுரங்களைக் கட்டங்களில் காட்டும் ஜன்னல்) திறந்து வெலாசிட்டியைப் பாருங்கள். பக்கத்துக் கட்டைகள் 40, 75, 110 என்று ஏறி இறங்க, இவை மட்டும் 127, 127, 127 என்று நின்றால் பிளக்-இன்மேல் குறையே இல்லை. உப்புக்காற்று கீபோர்டுக்குள் புகுந்துவிட்டது.

ஏன் அலறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சுத்தம் செய்வது எளிது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ். அதற்குள் உயரம் மாறிய இரண்டு கரிப் புள்ளிகள். அழுத்தும்போது ஒன்று முதலில் சர்க்யூட் போர்டைத் தொடும், மற்றது அடுத்துத் தொடும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அளந்துதான் கீபோர்டு வெலாசிட்டியைச் சொல்கிறது. முதல் புள்ளியில் உப்புப் படலம் இருந்தால் ரப்பர் நன்றாக நசுங்கிய பிறகே அது பிடிக்கும்; அதற்குள் இரண்டாவதும் தொட்டிருக்கும். இடைவெளி ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே 127. இரண்டாவது புள்ளியில் படலம் என்றால் ஊமை.

கழற்றும் முன் இன்னொன்றைப் பாருங்கள். கெட்ட கட்டைகள் இங்கொன்று அங்கொன்றாக இருந்தால் அழுக்கு. எண்ணி வைத்தாற்போல் ஆறு ஆறு கட்டையாகவோ எட்டு எட்டாகவோ தள்ளித் தள்ளி ஒரே சீராகக் கெட்டிருந்தால் கோளாறு ரிப்பன் கேபிளிலோ போர்டின் தடத்திலோ. அதற்குச் சுத்தம் செய்து பயனில்லை, சாலிடரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தேவையானவை: 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேளுங்கள்), காதுக் குச்சி, நூல் உதிராத துணி, ஸ்டார் திருப்புளி. கரன்ட்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, தடித்த துண்டு விரித்துக் கீபோர்டைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்குருக்கள் எல்லாம் ஒரே நீளம் இராது. நீள ஸ்குருவைக் குட்டை ஸ்குருவின் இடத்தில் திருகினால் கீபோர்டின் மேல்பக்கம் விரிசல் விடும். கழற்றக் கழற்றப் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையையும் தனித் தாளில் வையுங்கள். ரிப்பன் கேபிளை இழுக்காமல் அதன் பூட்டைத் தூக்கிவிட்டு எடுங்கள். ரப்பர் பட்டையை மெல்ல உரித்து, போர்டில் இருக்கும் கறுப்புத் தடங்களை ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் ஒரே திசையில் துடையுங்கள். ரப்பரின் கரிப் புள்ளியைத் தொட்டும் தொடாமலும் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கால் மணி நேரம் காயவிட்டு மூடுங்கள்.

செய்யக்கூடாதவை: உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கரி மொத்தமும் போய்விடும். பெட்ரோல், தின்னர் பட்டால் ரப்பர் ஊதிக்கொள்ளும். படகு எஞ்சினுக்கு அடிக்கும் துரு ஸ்பிரே எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும். அடுத்த மாதம் தூசியும் சேர்ந்து இன்னும் மோசமாகும். போர்டின் செம்புத் தடத்தில் பச்சை பூத்திருந்தால் அது அரித்துவிட்டது, துடைத்து வராது.

பாட்டை இப்போதே முடிக்க வேண்டிய அவசரம் என்றால் கழற்ற வேண்டாம். 127 ஆன சுரங்களைத் தேர்ந்தெடுத்து வெலாசிட்டியை 80 பக்கம் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மறுபடி மூலையில் வைப்பதானால் துணி உறை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்கவே கூடாது. பெட்டியில் பூட்டி வைத்த கீபோர்டைவிட அவ்வப்போது வாசிக்கிற கீபோர்டு இந்தக் கரையில் அதிக நாள் உழைக்கும்.

கேள்வி: இரண்டு பியானோ டிராக் வரை நன்றாக ஓடுகிறது. வயலின் குழு ஒன்று சேர்த்ததும் சடசடவென்று பொரிகிறது. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்.
(உச்சிப்புளி வாசகர்)

பதில்: பொரிகிறது என்றால் குறித்த நேரத்துக்குள் கம்ப்யூட்டரால் பஃபரை நிரப்பிக் கொடுக்க முடியவில்லை. எதனால் முடியவில்லை என்பதில் மூன்று வழி உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டை ஓட்டுங்கள். ரேம் நிரம்பியிருந்தால் வயலின் நூலகத்தில் பயன்படுத்தாத வாசிப்பு முறைகளை இறக்கிவிடுங்கள்; கான்டாக்டில் (சாம்பிள் நூலகங்களை ஓட்டும் பிளக்-இன்) 'பர்ஜ்' அதற்குத்தான். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் சாம்பிள்கள் பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். நாம் பார்த்த வரையில் பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை. இரண்டும் சும்மா இருந்தும் பொரிந்தால் ஏதோ ஒரு டிரைவர் குறுக்கே நிற்கிறது, பெரும்பாலும் வைஃபை. அணைத்துப் பாருங்கள். 'லேட்டன்சி மான்' என்ற இலவச புரோகிராம் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டிவிடும்.

பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே சார்ஜர் போட்டே ஓட்டுங்கள். அப்படியும் தாங்காவிட்டால் முடிந்த டிராக்குகளை ஃபிரீஸ் செய்துவிடுங்கள். பிளக்-இன் இறங்கி வெறும் ஆடியோவாக நிற்கும், திருத்த வேண்டும் என்றால் அன்ஃபிரீஸ்.

கேள்வி: நண்பர் தன் வீட்டில் பாடிப் பதிவு செய்து கொடுத்த குரலுக்கு நான் கீபோர்டு வாசிக்கிறேன். எந்தக் கட்டையில் வாசித்தாலும் ஒட்டவில்லை. இரண்டு கட்டைக்கும் நடுவில் நிற்கிறது.
(தேவிபட்டினம் வாசகர்)

பதில்: நேரத்தை அளந்து பாருங்கள். நண்பரிடம் நாலு நிமிடம் ஓடிய பாட்டு உங்களிடம் 3 நிமிடம் 40 நொடியில் முடிகிறதா? அப்படியென்றால் 44,100-இல் பதிவானது 48,000 வேகத்தில் ஓடுகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போயிருக்கும், துல்லியமாகச் சொன்னால் 147 சென்ட் (ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). அதனால்தான் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை. தலைகீழாக நடந்தால் பாட்டு 4 நிமிடம் 21 நொடிக்கு இழுக்கும், சுருதி அதே அளவு இறங்கும். கோப்பைச் சேர்க்கும்போது மென்பொருள்கள் பெரும்பாலும் தாமாகவே மாற்றிக்கொள்ளும். சிக்கல் வருவது பிராஜெக்ட் ஒரு ரேட்டிலும் சவுண்ட் கார்டு வேறொரு ரேட்டிலும் ஓடும்போது. பின்னணியில் யூடியூப் திறந்திருந்தாலே சில கார்டுகள் 48,000-ஐப் பிடித்துக்கொண்டு விடமாட்டா. எல்லாவற்றையும் மூடிவிட்டு, பிராஜெக்ட் செட்டிங்ஸ், டிவைஸ் செட்டிங்ஸ் இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

நேரம் சரியாக இருந்து சுருதி மட்டும் கொஞ்சம் விலகினால், நண்பர் ஏதோ ஒரு ஆர்மோனியத்துக்கோ சுருதிப் பெட்டிக்கோ பாடியிருக்கிறார். பழைய ஆர்மோனியங்கள் பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை. ஒரு நீண்ட 'ச'வை டியூனர் பிளக்-இன்னில் அளங்கள். 23 சென்ட் அதிகம் என்று காட்டினால் உங்கள் பிளக்-இன்களின் மாஸ்டர் டியூனை 446 ஆக்குங்கள். குரலைத் தொடாதீர்கள். பிளக்-இன்னைச் சுருதி மாற்ற ஒரு பைசா செலவில்லை. குரலை மாற்றினால் குரலின் நிறமே போய்விடும்.

கேள்வி: வீணை படிக்கிறேன். வீணை பிளக்-இன்னில் பிட்ச் வீலால் கமகம் வாசிக்கப் பார்க்கிறேன். 'ச'விலிருந்து 'ப'வுக்கு ஜாரு (வழுக்கிப் போவது) போகவே மாட்டேன் என்கிறது. ரேஞ்சைக் கூட்டினால் படிக்கட்டு ஏறுவதுபோல் கேட்கிறது. தம்புராவும் கூடவே வழுக்குகிறது.
(இராமேசுவரம் வாசகி)

பதில்: மூன்று கேள்வி, மூன்றும் நல்ல கேள்வி.

பிட்ச் வீல் சுரத்தைச் சொல்வதில்லை. வீல் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். 0 முதல் 16,383 வரை, நடு 8192. அதை எத்தனை அரைச்சுரமாகப் புரிந்துகொள்வது என்பது பிளக்-இன்னின் பெண்ட் ரேஞ்ச். கேட்காமல் விட்டால் சாதாரணமாக மேலே 2, கீழே 2. 'ச'விலிருந்து 'ப' 7 அரைச்சுரம். 2-ஐ வைத்துக்கொண்டு போய்ச்சேர முடியாது. தோடியின் காந்தாரத்துக்கு இதே 2 கச்சிதம்: சாதாரண காந்தாரத்தை அழுத்திப் பிடித்தால் கீழே 2-இல் சுத்த ரிஷபம், மேலே 2-இல் சுத்த மத்தியமம். ஆகவே எல்லாவற்றுக்கும் 12 என்று வைக்காதீர்கள். அசைவுகளுக்கு 2 வைத்த டிராக் ஒன்று, நீண்ட ஜாருவுக்கு 7 அல்லது 12 வைத்த டிராக் இன்னொன்று. ரேஞ்ச் சிறியதாக இருந்தால் விரலுக்கும் கட்டுப்படும்.

படிக்கட்டுக்குக் காரணம் கன்ட்ரோலர். மலிவான சில கீபோர்டுகள் 16,384 படிகளை அனுப்பாமல் 128 படிகளை மட்டும் அனுப்பும். ரேஞ்ச் 2 என்றால் 400 சென்ட்டை 128 ஆல் வகுக்க, படிக்கு 3 சென்ட், காது கண்டுகொள்ளாது. 12 என்றால் படிக்கு 19 சென்ட், யாருக்கும் கேட்கும். உங்களுடையது எந்த ரகம் என்று அறிய வீலை மிக மெதுவாகத் தள்ளி ரெக்கார்ட் செய்து, ஈவன்ட் பட்டியலில் எண்களைப் பாருங்கள். 128, 128 ஆகத் தாவினால் அது ஏழு பிட், அதாவது 128 படி ரகம். அதற்கு மருந்து, ஜாருவை வீலால் வாசிக்காமல் பியானோ ரோலின் பிட்ச் லேனில் கோடாக வரைவது. வரைந்த கோடு முழு நுணுக்கத்தோடு போகும்.

தம்புரா வழுக்குவது பெண்ட் செய்தி ஒரு சேனல் முழுவதற்கும் பொது என்பதால். தம்புராவைத் தனி டிராக்கில், தனி பிளக்-இன்னாக வையுங்கள். வீணையை மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (மறுபடி மீட்டாமல் இணைவது) முறைக்கு மாற்றுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்திலும் மீட்டின ஒலி கேட்டு கமகம் உடைந்துவிடும்.

ரெக்கார்டிங்கை நிறுத்தும்போது வீல் நடுவுக்குத் திரும்பியிருக்காவிட்டால் அடுத்த தடவை ஓட்டும்போது முதல் சுரமே சுருதி விலகி ஒலிக்கும். ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் பெண்ட் பூஜ்யம் என்று ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ராகம் மாறிவிட்டதோ என்று மண்டையைக் குடைய வேண்டியிராது.

கேள்வி: சந்தனக்கூடு நேரத்துக்கு ஒரு பாட்டு செய்கிறோம். தப்ஸ் (கையால் அடிக்கும் வட்டப் பறை) சாம்பிளைக் கட்டையில் அடித்துப் பதிவு செய்தோம், துள்ளலாக வந்தது. குவான்டைஸ் செய்ததும் நொண்டுகிறது.
(பெரியபட்டினம் இளைஞர்கள்)

பதில்: குவான்டைஸ் என்பது அடிகளைப் பக்கத்துக் கட்டக் கோட்டுக்கு இழுத்துப் பொருத்துவது. நீங்கள் அடித்தது திஸ்ரம் (மூன்று மூன்றாக), குவான்டைஸ் செய்தது சதுஸ்ரத்துக்கு (நான்கு நான்காக). ரீப்பரில் ஒரு அட்சரத்துக்கு 960 டிக் (நேரத்தை அளக்கும் சிறு அலகு). மூன்றாகப் பிரித்தால் அடிகள் 0, 320, 640-இல் விழ வேண்டும். 1/16 கட்டத்தில் கோடுகள் இருப்பதோ 0, 240, 480, 720-இல். 320-ஐப் பக்கத்துக் கோடான 240-க்கும், 640-ஐ 720-க்கும் இழுத்துவிட்டது. நொண்டாமல் என்ன செய்யும்? அன்டூ செய்து, கட்டத்தை 1/8 டிரிப்லெட் ஆக்கி, ஸ்ட்ரெங்த் 50 அல்லது 60 சதவீதம் மட்டும் வைத்து மறுபடி செய்யுங்கள். 100 சதவீதம் வைத்தால் பத்துப் பேர் அடிக்கும் தப்ஸ் ஒரே ஆள் அடிப்பதுபோல் ஆகிவிடும். பத்துப் பேர் வேண்டுமென்றால் ஒரே கிளிப்பை நகல் எடுக்காமல் மூன்று நான்கு முறை தனித்தனியாக அடித்துப் பதியுங்கள்.

கேள்வி: கான்டாக்டில் நாதஸ்வரம் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கும் இன்னொரு நூலகம் 'சாம்பிள் காணவில்லை' என்கிறது.
(இராமநாதபுரம் வாசகர்)

பதில்: முதலாவது கோளாறே இல்லை. உங்களிடம் இருப்பது இலவச கான்டாக்ட் பிளேயர். அந்த நாதஸ்வரம் முழுக் கான்டாக்டுக்காகச் செய்தது. அத்தகைய நூலகங்களைப் பிளேயர் 15 நிமிடம் டெமோவாக ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். வாங்கும் முன் 'பிளேயரில் ஓடுமா' என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவதற்கு, டிஸ்கின் எழுத்து மாறியிருக்கும். நேற்று ஈ, இன்று எஃப். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு எஸ் போல யாரும் தொடாத எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, ஒரே ஒருமுறை ஃபோல்டரைக் காட்டி, இன்ஸ்ட்ருமென்ட்டை மறுபடி சேமியுங்கள்.

கேள்வி: சார்ஜர் போட்டால் ஹெட்ஃபோனில் 'ம்ம்ம்' என்று உறுமல். பிடுங்கினால் நிற்கிறது. கீபோர்டு யூஎஸ்பியிலும் இருக்கிறது, அதன் ஆடியோ அவுட்டும் இன்டர்ஃபேஸில் இருக்கிறது.
(சாயல்குடி வாசகர்)

பதில்: இரண்டு கேபிளும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டது, அதற்குள் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் சுற்றுகிறது. பிளக்-இன் மட்டும் வாசிப்பதானால் ஆடியோ கேபிளே தேவையில்லை, கழற்றுங்கள். கீபோர்டின் சொந்தக் குரலும் வேண்டும் என்றால் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஆடியோ கேபிளுக்கு நடுவே போடும் சிறு பெட்டி) ஒன்று போட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்; வளையம் அறுந்துவிடும். லேப்டாப், இன்டர்ஃபேஸ், கீபோர்டு மூன்றையும் ஒரே பிளக் போர்டில் செருகுங்கள். உறுமல் நிற்கிறது என்பதற்காகச் சார்ஜரின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகுபவர்கள் உண்டு; செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும். வீட்டு எர்த் கம்பி குழாயோடு சேரும் இடத்தில் இருக்கும் நட்டையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கடலோரத்தில் அது துருப்பிடித்துப் பிடி விட்டிருக்கும். சுரண்டி இறுக்கி மேலே கிரீஸ் தடவச் சொல்லுங்கள்.